வன்னியில் பிள்ளைகளுக்கு நல்ல குங்ஃபூ வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில், தருமபுரத்தில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 11. இருவரும் குங்ஃபூ பழகவேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறார்கள். கிளிநொச்சி நகரில் ஒரு வகுப்பு இருக்கிறது. அங்கே சான்றிதழ், கிண்ணம், பத்திரிகைப் படம் எல்லாம் நிறைய. விசுவமடுப் பக்கம் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் இன்னொன்று நடக்கிறது. அங்கே பதினைந்து பேர்தான், பெயர்ப்பலகைகூட இல்லை. எதை நம்பிச் சேர்ப்பது என்று கேட்கிறார். சண்டை பழக்கினால் பிள்ளை சண்டைக்காரனாகிவிடுமோ என்ற பயமும் அவருக்கு இருக்கிறது.

தங்கச்சி, நான் 19 வயதில் வவுனியாவில் இதைப் பழகத் தொடங்கியவன். இப்போது 12 வருடங்களாக நெடுங்கேணிப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு நாள் பழக்குகிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு வகுப்புகளையும் நான் பார்த்ததில்லை. அதனால் இது நல்லது, அது கூடாது என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். எந்த வகுப்பாக இருந்தாலும் உள்ளே போய் இருந்து எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாமல் நீங்கள் மட்டும் போங்கள். "ஒரு வகுப்பை முழுக்க இருந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மறுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம், வேறு எதையும் விசாரிக்கத் தேவையில்லை. விட்டால், பின்சுவரோரம் ஒரு கதிரையில் இருந்து, ஆசிரியர் எவ்வளவு உயரம் உதைக்கிறார் என்று பார்க்காமல், அந்த வகுப்பிலேயே ஆகப் பின்தங்கிய பிள்ளையைக் கண்டுபிடியுங்கள். எல்லா வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார். வலது இடது மாறிப்போகும் பிள்ளை, உடம்பு பருத்த பிள்ளை, ஆட்களைக் கண்டால் கூசி நிற்கும் பிள்ளை. ஒன்றரை மணித்தியாலமும் அந்தப் பிள்ளையின் மேலேயே கண்ணை வைத்திருங்கள்.

ஆசிரியர் எத்தனை தரம் அந்தப் பிள்ளையிடம் போனார்? போய் என்ன செய்தார்? கெட்டிக்கார ஆசிரியர் அசைவைத் துண்டு துண்டாகப் பிரிப்பார். முதலில் கால் எங்கே நிற்கவேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுப்பார். அது வந்த பிறகு இடுப்பு, அதற்குப் பிறகு கை. பிள்ளை ஒரு சின்னத் துண்டையாவது சரியாகச் செய்ததும் அதைக் கவனித்து ஒரு சொல் சொல்லிவிட்டு நகர்வார். மற்ற வகை ஆசிரியர் அந்தப் பிள்ளையை வைத்து வகுப்பைச் சிரிக்க வைப்பார், அல்லது கடைசி வரிசையில் விட்டுவிட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளுடனேயே நேரத்தைக் கழிப்பார். உடம்பு வளைகிற, பயமில்லாத பிள்ளை யாரிடம் பழகினாலும் முன்னுக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளை எடுத்த கிண்ணத்தை வைத்து ஆசிரியரை அளக்க முடியாது. பின்வரிசைப் பிள்ளைக்கு மூன்று மாதத்தில் என்ன நடந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அளக்கலாம். இதற்குக் கீழே நான் எழுதுவது எல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

வகுப்பு முடிந்ததும் மூத்த மாணவர் ஒருவரிடம் கதை கொடுங்கள். எத்தனை வருடமாக வருகிறார், இவருடன் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இப்போதும் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஐந்து வருடமாக நடக்கும் வகுப்பில் எல்லோருமே ஆறு மாதப் பிள்ளைகளாக இருந்தால், வந்தவர்கள் ஏன் போனார்கள் என்று யோசிக்கவேண்டும். ரியூசனும் பரீட்சையும் ஒரு காரணம்தான், ஆனால் எல்லாருக்கும் அதுவே காரணமாக இருக்காது. பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்கிறார்கள் என்பதைத் தனியாகப் பாருங்கள்.

இனிப் பாணி பற்றிய கேள்வி. எந்தக் குங்ஃபூ நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். குங்ஃபூ என்ற சொல் சீன மொழியில் ஒரு சண்டைக் கலையின் பெயராகப் பிறந்ததல்ல. நெடுங்காலம் உழைத்துச் சம்பாதித்த கைத்திறன் என்பதுதான் அதன் பொருள். நல்ல தச்சரிடமும் நல்ல சமையற்காரரிடமும்கூட குங்ஃபூ இருக்கிறது என்று சொல்லலாம். சண்டைக் கலைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் வூசூ. அதற்குள் நூற்றுக்கணக்கான பாணிகள் உண்டு. தெற்கின் கை, வடக்கின் கால் என்று சீனத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. தெற்குப் பாணிகளான விங் சுன், ஹுங் கார் போன்றவற்றில் காலை ஊன்றி நின்று கையால் செய்யும் வேலை கூட. வடக்குப் பாணிகளில் நீண்ட எட்டு, உயர்ந்த உதை, பாய்ச்சல் கூட. போட்டிக்கென்று தரப்படுத்திய இன்றைய வூசூவில் இரண்டு பிரிவு. தனியாகச் செய்துகாட்டும் அசைவுத் தொடர் தாவ்லு. கையுறை, தலைக்கவசம், மார்புக்கவசம் போட்டு ஆளுடன் ஆள் மோதுவது சண்டா. சர்வதேச வூசூ சம்மேளனம் 1990 இல் தொடங்கியது. அதே வருடம் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் வூசூவும் சேர்க்கப்பட்டது.

இவ்வளவும் அறிவுக்காகத்தான். வன்னியில் இருந்துகொண்டு விங் சுன்தான் வேண்டும், ஷாவோலின்தான் வேண்டும் என்று தெரிவு செய்ய நமக்கு இடமில்லை. இங்கே கராட்டி வகுப்புகள்தான் கூட, குங்ஃபூ குறைவு. கிடைக்கிற பாணி எதுவானாலும் 11 வயதுப் பிள்ளைக்கு முதல் மூன்று வருடத்தில் கிடைக்கவேண்டியவை இவைதான்: ஒழுங்காக நிற்பது, விழாமல் திரும்புவது, விழுந்தால் அடிபடாமல் விழுவது, எதிரே ஆள் வரும்போது கண்ணை மூடாமல் இருப்பது. இதை ஒழுங்காகப் பழக்கும் ஆசிரியரிடம் பாணியின் பெயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆசிரியரின் பின்னணியை மட்டும் கட்டாயம் கேளுங்கள். யாரிடம் பழகினீர்கள், எத்தனை வருடம், இப்போதும் யாரிடமாவது பழகுகிறீர்களா? இதில் நமது இடத்துக்கென்று ஒன்று இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு அது விளங்காது. இங்கே நாற்பது வயது தாண்டிய எவருடைய வாழ்க்கையும் நேர்கோட்டில் வந்ததில்லை. "சின்ன வயதில் இரண்டு வருடம் பழகினேன். இடம்பெயர்வோடு விட்டுப்போனது. 2010க்குப் பிறகு கொழும்பில் வேலை செய்யும்போது திரும்பத் தொடங்கினேன்" என்று ஒருவர் சொன்னால் அது குறையே இல்லை. "சான்றிதழ் எல்லாம் 2009இல் போய்விட்டது" என்று சொன்னாலும் நம்பலாம், பிறப்புச் சான்றிதழையே தொலைத்து வந்த சனம் நாங்கள். சந்தேகப்படவேண்டியது இடைவெளியே இல்லாத கதையை. ஒரே ஆள் எட்டுக் கலைகளில் பத்தாம் தரக் கறுப்புப் பட்டி, சீனத்தில் இரகசியப் பயிற்சி, ஒரு விரலால் ஆளைச் சாய்க்கும் வர்மம் என்றெல்லாம் வந்தால் எழும்பி வாருங்கள்.

ஆசிரியரின் நேர்மையைப் பார்க்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "போதிதருமர்தானே குங்ஃபூவை உண்டாக்கினார்?" நம் பிள்ளைகள் பாதிப்பேர் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். காஞ்சிபுரத்து இளவரசர் சீனம் போய் ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டை பழக்கினார் என்ற கதை தமிழர் எவருக்கும் நெஞ்சு நிமிரும் கதைதான். நானும் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன். ஆனால் ஷாவோலின் கோயில் கட்டப்பட்டது 495 இல், பத்துவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காக. போதிதருமர் தென்னிந்தியர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது, பாரசீகர் என்று இன்னொரு பழைய குறிப்பு சொல்கிறது. அவரைச் சண்டைக் கலையோடு இணைக்கும் கதையோ, 17ஆம் நூற்றாண்டில் வந்த ஓர் உடற்பயிற்சி நூலிலிருந்துதான் பரவியது. ஷாவோலின் துறவிகள் ஆயுதம் எடுத்துப் போரிட்டதற்கு உறுதியான பழைய சான்று, 621 இல் அவர்கள் தாங் வம்சத்துக்கு உதவியதைச் சொல்லும் 728 ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அதில் போதிதருமர் பழக்கினார் என்ற பேச்சே கிடையாது. ஆசிரியருக்கு இந்த ஆண்டுகள் எல்லாம் தெரிந்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. "அப்படி ஒரு கதை இருக்கிறது, உறுதியில்லை" என்று சொல்கிற மனம் இருந்தால் போதும். பிள்ளை நாளைக்கு "சேர், இந்தத் தடுப்பு உண்மையான சண்டையில் வேலை செய்யுமா?" என்று கேட்கும்போதும் அந்த மனம்தான் பதில் சொல்லும்.

பட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரபான குங்ஃபூவில் நிறப்பட்டி கிடையாது. அது ஜப்பானிய ஜூடோவிலிருந்து மற்றக் கலைகளுக்குப் பரவிய வழக்கம். இன்று பல குங்ஃபூ வகுப்புகளும் இடுப்புத் துணியில் நிறம் வைத்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது ஊக்கம் தருகிறது, அதில் பிழையில்லை. காசு சேர்க்கும் வழியாக அது மாறுவதுதான் பிழை. மாதக் கட்டணம் 1,000 ரூபாய் என்று குறைத்துச் சொல்லிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தரப்படுத்தல், ஒவ்வொன்றுக்கும் 4,000 ரூபாய் என்று வைத்தால் வருடக் கணக்கு 28,000 ஆகிறது. சீருடை, கவசம், போட்டிக்குப் போகும் வான் செலவு தனி. இரண்டு பிள்ளை என்றால் இரண்டால் பெருக்குங்கள். ஆகவே "ஒரு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு முடியும்?" என்று முதல் நாளே கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். வன்னியில் சமூகத்துக்காக நடக்கும் வகுப்பு என்று சொல்லிக்கொள்பவரிடம் அதற்கு ஏதோ ஒரு ஒழுங்கு இருக்கவேண்டும். எங்களுடைய மண்டபத்தில் தகப்பன் இல்லாத ஆறு பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. யார் அந்த ஆறு பேர் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பதிவு பற்றி. இலங்கையில் விளையாட்டுச் சங்கங்கள் 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. போட்டிச் சான்றிதழுக்குப் பெறுமதி வேண்டுமானால் அந்த வகுப்பு எந்தச் சங்கத்தோடு தொடர்பு, அந்தச் சங்கம் அமைச்சில் பதிவானதா என்று கேட்கவேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். அவரிடம் போய் விசாரித்தால் பெரும்பாலும் ஒரு நாளில் உண்மை தெரிந்துவிடும். ஆனால் பதிவு இருப்பதால் மட்டும் பழக்குவது நல்லது என்று ஆகிவிடாது. பதிவில்லாத நல்ல ஆசிரியர்களும் எனக்குத் தெரிய இருக்கிறார்கள்.

இப்போது உடம்புக்கு வரும் ஆபத்துகள். இதில்தான் நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன்.

எனக்கு முதலில் பழக்கியவர் இரண்டாம் மாதமே என்னைச் சுவரோடு சாய்த்து இரண்டு காலையும் விரித்து மேலே ஏறி அமத்தினார். தொடைக்குப் பின்னால் ஏதோ கிழிந்த சத்தம் எனக்கே கேட்டது. எட்டு மாதம் சைக்கிள் ஓட முடியவில்லை. அப்படி அமத்துவது அந்தக் காலத்தில் வழக்கம் என்று பலர் சொல்வார்கள். வழக்கம் என்பதற்காக அது சரியாகிவிடாது. தசை தானாகத்தான் இளகவேண்டும், கிழமைக்குக் கொஞ்சமாக. பிள்ளை அழ அழக் காலை விரிக்கும் வகுப்பில் உங்கள் பிள்ளைகளை விடாதீர்கள்.

அடுத்தது ஓடு உடைப்பு. கோயில் திருவிழாவிலும் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் பத்து வயதுப் பிள்ளை தலையால் ஓடு உடைக்கும், நெஞ்சுக்கு மேலால் மோட்டார் சைக்கிள் போகும். சனம் கைதட்டும். வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளில் வளர்ச்சிக் குருத்து இன்னும் மென்மையாக இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 13 முதல் 15 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 15 முதல் 17 வயதுக்குள்ளும்தான் அது எலும்போடு எலும்பாக மூடுகிறது. அதற்கு முன் கையால் கல்லைக் குத்திக் கடினப்படுத்துவதும் தலையால் உடைப்பதும் விளையாட்டல்ல. சாதனைப் புத்தகத்தில் பெயர் வரும் என்று யாராவது சொன்னால், பெயர் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மோதல் பயிற்சி கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருபோதும் ஆளோடு ஆள் தொட்டுப் பழகாத வகுப்பில் பிள்ளை நடனம் போல அசைவுகளைப் படிக்கும், அவ்வளவுதான். ஆனால் படிப்படியாக வரவேண்டும். முதலில் தெரிந்த தாக்குதல், தெரிந்த தடுப்பு. பிறகு மெத்தைப் பலகையை உதைப்பது. பிறகு கவசத்தோடு மெதுவாக மோதுவது, ஒரே வயது ஒரே எடையுள்ளவர்களோடு. தலையில் அடி விழுந்து பிள்ளை மயங்கினாலோ, சத்தி எடுத்தாலோ, தலையிடி என்று சொன்னாலோ அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது, வைத்தியரிடம் போகவேண்டும். வகுப்பில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க ஆசிரியருக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். சாதாரணக் கேள்விதான், முகம் சுளிக்காமல் பதில் சொல்லவேண்டும்.

தரையைக் குனிந்து பாருங்கள். நமது மண்டபங்கள் பெரும்பாலும் சீமெந்துத் தரை. மாரியில் கால் ஈரத்தோடு வந்து ஏறினால் எண்ணெய் ஊற்றியது போல வழுக்கும். மெத்தை இல்லாமல் சீமெந்தில் ஆளைத் தூக்கிப் போடப் பழக்குகிறவர் பொறுப்பில்லாதவர். மெத்தை வாங்கக் காசில்லை என்றால் வெளியே மணல் தரையில் விழப் பழக்கலாம், நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். தொடங்குவதற்கு முன் ஆணி, போத்தல் ஓடு இல்லாமல் மணலை அரித்து எடுத்தோம். சித்திரைக்குப் பிறகு சோளகம் அடிக்கும் மாதங்களில் பின்னேரம் மூன்று மணி வெயிலில் பிள்ளைகளை ஓடவிடக்கூடாது. நாலரைக்குத் தொடங்கி ஆறுக்குள் முடிக்கலாம். தண்ணீர் குடிக்க நடுவில் இரண்டு தரமாவது விடவேண்டும். தாகத்தைத் தாங்கினால் வீரம் வரும் என்பது பொய். ஓட்டப் பயிற்சிக்குக் காட்டோரம் கூட்டிக்கொண்டு போகும் வகுப்பு என்றால் எந்தப் பாதை என்று கேளுங்கள். கண்ணிவெடி இருக்கிறது என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை இன்னும் நிற்கும் இடங்கள் வன்னியில் இருக்கின்றன. ஆட்கள் நாளாந்தம் போய்வரும் வீதியை விட்டு இறங்கவே கூடாது.

நீங்கள் பயந்த விஷயத்துக்கு வருகிறேன். சண்டை பழகினால் பிள்ளை சண்டைக்காரனாகிவிடுமா?

நான் பழக்கத் தொடங்கிய முதல் மாதம் விசில் ஊதித்தான் வகுப்பை நடத்தினேன். வரிசை, இலக்கம் சொல்வது, ஒரேயடியாகக் காலை அடித்து நிற்பது எல்லாம் இருந்தது. ஒருநாள் பேரப்பிள்ளையைக் கூட்டி வந்த ஓர் அம்மா வாசலிலேயே நின்று நடுங்கத் தொடங்கினார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போய்க் கதைத்தேன். "தம்பி, நீங்கள் நல்ல நோக்கத்தோடுதான் செய்கிறீர்கள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்க என்னால் ஏலாது" என்றார். அன்றோடு விசிலை விட்டேன். இலக்கத்தைப் பிள்ளைகளே மாறி மாறி மெதுவாகச் சொல்வார்கள். பயிற்சியில் ஒன்றும் குறையவில்லை. அந்த அம்மா இப்போது பேரனைக் கூட்டி வந்துவிட்டு வேம்புக்குக் கீழே இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்.

நமது இடத்தில் வகுப்பு நடத்துகிறவருக்கு இந்த நினைவு இருக்கவேண்டும். எங்கள் பெரியவர்கள் வகுப்பில் தோளுக்குள் எறிகணைத் துண்டோடு வருபவர் இருக்கிறார், ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலோடு வருபவர் இருக்கிறார். ஜெய்ப்பூர் கால்காரர் கதிரையில் இருந்தபடியே கைவேலை முழுவதையும் பழகினார். இன்று சின்னப் பிள்ளைகளுக்குத் தடுப்புப் பழக்குவது அவர்தான். ஆசிரியர் புதிதாக வருகிறவரிடம் முதல் கேள்வியாக "உடம்பில் காயம், நோ ஏதாவது இருக்கிறதா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். அதை நாலு பேருக்கு முன்னால் கேட்கக்கூடாது.

பிள்ளை சண்டைக்காரனாவது ஆசிரியரின் வாயைப் பொறுத்தது. அவர் சொல்லும் கதைகளைக் கேளுங்கள். "நான் அப்படி அடித்தேன், இப்படி விழுத்தினேன்" என்று கதைத்தால் பிள்ளையும் அதையே செய்யும். வெளியே கைநீட்டினால் என்ன நடக்கும் என்று வகுப்பில் ஒரு விதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். எங்களிடம், பாடசாலையில் சண்டை பிடித்தவன் ஒரு மாதம் பயிற்சி செய்ய ஏலாது, ஆனால் வகுப்புக்குக் கட்டாயம் வரவேண்டும். மண்டபத்தைக் கூட்டி, சின்னவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். விரட்டிவிட்டால் அவன் போய் நிற்கும் சந்தி எது என்று எங்களுக்குத் தெரியும். சீன மரபிலும் வகுப்பை ஒரு குடும்பமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆசிரியரைக் குறிக்கும் சிஃபு என்ற சொல்லில் தகப்பன் என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது. முன்னால் சேர்ந்தவர் வயதில் இளையவரானாலும் அண்ணை, அக்கா என்ற முறைதான். உங்கள் மகன் தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தியை அங்கே அக்காவாக ஏற்றுக்கொள்ளப் பழகினால் அதுவே பெரிய பயிற்சி.

மகளின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெண் ஆசிரியர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூத்த பெண் மாணவி ஒருவராவது ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கவேண்டும். நிலையைத் திருத்தும்போது ஆசிரியர் "கையைப் பிடித்துக் காட்டட்டுமா?" என்று கேட்கிறாரா, பொல்லாலோ சொல்லாலோ திருத்துகிறாரா என்று பாருங்கள். பூட்டிய அறையில் தனி வகுப்பு, பிள்ளையின் கைப்பேசிக்குத் தனியாகச் செய்தி, "அம்மாவிடம் சொல்லாதே" என்ற சொல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே நிறுத்திவிடுங்கள். தேவைப்பட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். வெளி மாவட்டப் போட்டிக்குப் போகும்போது தாய்மாரில் ஒருவர் கட்டாயம் கூடப் போகவேண்டும். பெற்றோர் எந்த நாளும் முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்கலாம் என்பது நல்ல வகுப்பின் அடையாளம்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். தருமபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் பரந்தன் வழியாகப் பஸ்ஸில் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத்தான் தெரியும். வகுப்பு ஆறரைக்கு முடிந்தால் பிள்ளைகள் வீடு வர இருட்டிவிடும். காட்டோர வீதிகளில் யானை இறங்கும் நேரமும் அதுதான். பக்கத்தில் இருக்கும் நடுத்தரமான வகுப்புக்குக் கிழமைக்கு இரண்டு நாள் தவறாமல் போகிற பிள்ளை, தூரத்தில் இருக்கும் பெரிய வகுப்புக்கு மாதத்தில் இரண்டு நாள் போகிற பிள்ளையைவிட நல்லாக வரும். பக்கத்து வகுப்பு மோசமாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

இரண்டுமே பிடிக்கவில்லை என்றால்? குங்ஃபூ என்ற பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் நல்ல கராட்டி ஆசிரியர் இருந்தால் அவரிடம் விடுங்கள். நல்ல சிலம்ப ஆசான் இருந்தால் இன்னும் சந்தோஷம், கம்பு சுழற்றிப் பழகிய பிள்ளைக்குச் சீனப் பொல்லுப் பயிற்சி பிறகு கெதியாக வரும். மேலே சொன்ன எல்லாப் பரிசோதனையும் அங்கேயும் பொருந்தும்.

அல்லது நீங்களே ஒரு வகுப்பைக் கொண்டுவரலாம். எங்கள் மண்டபத்து வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. எட்டுக் குடும்பம் சேர்ந்து சனசமூக நிலையத்தில் கிழமைக்கு இரண்டு பின்னேரம் மண்டபத்தைக் கேட்டார்கள். வவுனியாவில் இருந்த என்னை வந்து பார்த்து, பெற்றோல் காசும் மத்தியானச் சாப்பாடும் தருகிறோம், மூன்று மாதம் பழக்கிப் பாருங்கள் என்றார்கள். காசுக் கணக்கு ஒரு தாயின் கொப்பியில் இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஆசிரியரின் கையில் பழக்கும் வேலை மட்டும் இருந்தால் பல கரைச்சல் தானாகக் குறைந்துவிடும். அந்த மூன்று மாதம் முடிந்தபோது எட்டுக் குடும்பம் இருபத்திரண்டு ஆகியிருந்தது. பிறகு பெரியவர்களும் வந்தார்கள். முழங்கால் நோவோடு வந்த அம்மாமாருக்குத் தாய்ச்சி என்ற சீனப் பயிற்சியின் மெதுவான அசைவுகளைப் பழக்குகிறோம். வயதானவர்கள் தடுக்கி விழுவதை அது குறைக்கிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

உங்கள் இரண்டு வகுப்புக்கும் திரும்பி வருகிறேன். ஒரு கிழமை விசுவமடுவுக்குப் போங்கள், அடுத்த கிழமை கிளிநொச்சிக்கு. பெயர்ப்பலகை இல்லாததையும் கிண்ணம் இருப்பதையும் கணக்கில் எடுக்காமல் பின்வரிசைப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு பிடித்த இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் இரண்டு வகுப்புச் செய்ய விடுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் "எப்படி இருந்தது?" என்று கேட்காமல் "அங்கே யாருடைய பெயர் தெரியும்?" என்று மகளிடம் கேளுங்கள். இரண்டு மூன்று பெயர் சொன்னால் அவளை அங்கே சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். மகனுக்கு சாதாரணதரப் பரீட்சை வர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அந்த வருடம் கிழமைக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளலாமா என்று இப்போதே ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அதோடு விட்டுவிடுவான். மாரி மழையும் நெல் வெட்டும் முடிந்து மாசிக்குப் பிறகு தொடங்கினால் இடையில் நிற்காமல் போகும். முதல் மூன்று மாதத்துக்குப் பழைய ரீசேர்ட்டும் தண்ணீர்ப் போத்தலும் போதும். சீருடைக்கு அதற்குப் பிறகு காசு கொடுங்கள்.